நான்கு சுதந்திரங்களும் தனிநபர் சத்தியாகிரகமும்

நான்கு சுதந்திரங்கள் என்பது அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்கிளின் ரூசுவெல்ட் 1941 சனவரி 6 அன்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில் முன்வைத்த கொள்கையாகும். பேச்சுச் சுதந்திரம், வழிபாட்டுச் சுதந்திரம், வறுமையிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை ஆகிய நான்கும் உலகெங்கும் நிலவ வேண்டும் என்றார் அவர். அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை. பிரிட்டனுக்கு ஆயுத உதவி அளிக்க ஆதரவு திரட்டுவதே உரையின் உடனடி நோக்கம்.

அதே வாரங்களில் சென்னை மாகாணச் சிறைகளுக்குள் பலர் சென்றுகொண்டிருந்தனர். அவர்கள் செய்த குற்றம் பேசியதுதான்.

1939 செப்டம்பரில் வைசிராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்களைக் கலக்காமலேயே இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். இதனால் அக்டோபரில் இராசாசி அமைச்சரவை பதவி விலகியது. மறு ஆண்டு காந்தி தொடங்கிய தனிநபர் சத்தியாகிரகத்தில் கேட்கப்பட்டது நேரடியாகப் பேச்சுரிமை மட்டுமே. 1940 அக்டோபர் 17 அன்று வினோபா பாவே முதலில் பேசினார். சத்தியாகிரகி எந்த நாளில், எந்த இடத்தில் பேசப்போகிறார் என்பதை அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். பின்னர் தெருவில் நின்று, போருக்கு ஆளோ பணமோ கொடுப்பது தவறு என்று சொல்ல வேண்டும். இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் கைது செய்ய அது போதுமானதாக இருந்தது. இராசாசி டிசம்பரில் கைதானார். சத்தியாகிரகிகள் பட்டியலுக்குக் காந்தியின் ஒப்புதல் பெற வார்தாவுக்குப் புறப்பட்ட காமராசர் வழியில் குண்டூரில் கைதாகி வேலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். அவர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் அப்பதவியிலிருந்து விலகிவிட்டார்.

1941 ஆகத்து 14 அன்று ரூசுவெல்ட்டும் சர்ச்சிலும் அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்டனர். தம் ஆட்சிமுறையைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என அது கூறியது. 'எல்லா' என்ற சொல் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. செப்டம்பர் 9 அன்று சர்ச்சில், அது முதன்மையாக நாசிப் பிடியிலுள்ள ஐரோப்பிய நாடுகளைக் கருதியது என்று பிரிட்டிசு நாடாளுமன்றத்தில் விளக்கினார். ரூசுவெல்ட் இதை ஏற்கவில்லை. சாசனம் உலகம் முழுமைக்கும் உரியது என்று 1942 பிப்ரவரி வானொலி உரையில் கூறினார். ஆயினும் இந்தியாவுக்காகப் பிரிட்டனுடனான நட்பைப் பணயம் வைக்க அவர் முன்வரவில்லை.

1942 சூலை 1 அன்று காந்தி அவருக்கு எழுதிய கடிதம் மரியாதை குறையாதது, ஆனால் கூர்மையானது. இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சுரண்டப்படும்வரை, அமெரிக்காவிலேயே கறுப்பின மக்களின் சிக்கல் தீராதவரை, சுதந்திரத்துக்கான போர் என்ற அறிவிப்பு வெற்றொலியே என்று அதில் சுட்டிக்காட்டினார். மறு ஆண்டு வங்கப் பஞ்சத்தில் 20 முதல் 30 இலட்சம் பேர்வரை மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. வறுமையிலிருந்து விடுதலை என்ற மூன்றாவது சுதந்திரம் நேச நாட்டு ஆட்சியின்கீழ் இருந்த அவர்களை எட்டவில்லை.

இதைக் கொண்டு அந்நான்கையும் வெறும் போர்ப் பிரச்சாரம் என ஒதுக்குவது சரியன்று. 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்ற உலக மனித உரிமைகள் சாற்றுரையின் முகப்புரையில் அவை நான்கும் இடம்பெற்றன. அதன் முதற்பிரிவில் ஆண்களை மட்டும் குறிக்கக்கூடிய சொல்லை நீக்கி 'மனிதர் அனைவரும்' என்று மாற்றச் செய்தவர் இந்தியப் பிரதிநிதி அன்சா மேத்தா.