கிட்டங்கிப் பேரேடும் பங்குச் சந்தைப் பலகையும்

ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் நடந்து செல்வோமானால், நகைக்கடைகளில் கூட்டம் நிறைந்திருப்பதைக் காண்கிறோம். உழைத்துச் சேர்த்ததைப் பொன்னாக்கி வைப்பது நம் முன்னோர் காட்டிய வழி. வங்கியில் போட்டு வைப்பதும் நமக்குப் பழகிவிட்டது. ஆனால் ‘பங்கு’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் “அது சூதாட்டம்” என்று விலகி விடுகிறோம். வேறு சிலர், நண்பர் ஒருவர் சொன்னார் என்பதற்காக, எந்த நிறுவனம், என்ன தொழில் என்று கேளாமலே வாங்கி விடுகிறார்கள். விலகி ஓடுவதும் விழுந்தடித்து வாங்குவதும் அறியாமையால் வருபவையே. இந்நகரில் பங்கு வாணிகம் வளர்ந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால், புதிதாகக் கற்க வருபவர்களுக்கு வேண்டிய முதற்பாடம் அதிலேயே கிடைக்கும்.

முதலில் மார்க்கெட் ஸ்திரீட்டுக்குச் செல்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்தார்கள் இங்கே வந்து கிட்டங்கிகளை அமைத்தார்கள். நீண்ட கூடம், அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம், ஒரு பெட்டகம், ஒரு சாய்வு மேசை, ஒரு பேரேடு. பகலில் அதுவே கடை, இரவில் அதுவே படுக்கை. பெட்டியடிப் பையனாக வந்தவர் அடுத்தாளாகி, பின்னர் மேலாளாக உயர்வார். அவர் செய்த தொழில் கடன் கொடுப்பது. வாங்கியவருக்கு இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும், வட்டியும் முதலும் தவணைப்படி வந்தாக வேண்டும். கொடுத்தவருக்கு அதற்கு மேல் ஒரு காசும் உரிமை இல்லை. கடன் என்பதன் இலக்கணம் இதுதான்.

பங்கு என்பது வேறு. அதன் தேவையை இம்மண்ணில் உணர்த்தியது ரப்பர் மரம். 1877ஆம் ஆண்டில் இருபத்திரண்டு ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. அதே ஆண்டில்தான் ராஃபிள்ஸ் பிளேஸில் அஞ்சலகச் சேமிப்பு வங்கியும் திறக்கப்பட்டது என்பது ஒரு சுவையான பொருத்தம். பூங்காவின் இயக்குநராயிருந்த ரிட்லி என்பவர், மரத்துக்குக் கேடு வராமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். மோட்டார் வண்டி பெருகியது. சக்கரங்களுக்கு ரப்பர் வேண்டியதாயிற்று. ஆனால் காட்டை அழித்துக் கன்று நட்டால், பால் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை வருமானம் இல்லை. தவணை தவறாது வட்டி கேட்கும் கடனைக் கொண்டு பெருந்தோட்டம் எழுப்புவது கடினம். எனவே நிறுவனங்கள் தங்கள் முதலைப் பல பங்குகளாகப் பிரித்துப் பலரிடம் விற்றன. பங்கு வாங்கியவர் தோட்டத்தின் உரிமையாளர்களுள் ஒருவரானார். இலாபம் வந்தால் ஈவுத்தொகை; வராவிட்டால் ஒன்றும் இல்லை. தோட்டமே அழிந்தால் போட்ட பணமும் போய்விடும்.

1910இல் ரப்பர் விலை வானளாவ உயர்ந்தது. லண்டனிலும் சிங்கப்பூரிலும் மக்கள் ரப்பர்ப் பங்குகளை முண்டியடித்து வாங்கினார்கள். அதே ஆண்டிலேயே விலை இறங்கத் தொடங்கியது. உச்சத்தில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். இவ்விடத்தில் நாம் ஒன்றை நினைவுகூர வேண்டும். அந்தத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களுள் பலர் தமிழ்த் தொழிலாளர்கள். பங்கின் மதிப்பைத் தம் கையால் உண்டாக்கிய அவர்களுக்குக் கூலி உண்டு, பங்கு இல்லை.

வாணிகம் பெருகவே ஒழுங்கும் தேவைப்பட்டது. 1930இல் சிங்கப்பூர்ப் பங்குத் தரகர்கள் சங்கம் அமைத்தனர். 1960 மே மாதத்தில் மலாயாப் பங்குச் சந்தை பொதுமக்களுக்கான வாணிகத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகிய இரு நகர வாணிகக் கூடங்களும் தொலைபேசிக் கம்பியால் இணைக்கப்பட்டன. விலைகள் பலகையில் எழுதப்பட்டன. சிங்கப்பூர் 1965இல் தனி நாடான பின்னரும் சந்தை ஒன்றாகவே இருந்தது. 1973இல்தான் இரண்டாகப் பிரிந்து, சிங்கப்பூருக்கெனத் தனிச் சந்தை ஏற்பட்டது.

இனி, 1985ஆம் ஆண்டு கற்பித்த பாடத்தைக் காண்போம். பான் எலக்ட்ரிக் என்னும் நிறுவனம் அவ்வாண்டு நவம்பர் இறுதியில் கடனை அடைக்க முடியாமல் வீழ்ந்தது. ஒரு நிறுவனம் வீழ்வது புதிதன்று. இங்கு நோய் வேறிடத்தில் இருந்தது. ‘இன்று இப்பங்கை வைத்துக்கொண்டு பணம் தாருங்கள், சில மாதங்களுக்குப் பின் கூடுதல் விலைக்கு நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்’ என்னும் முன்பேர ஒப்பந்தங்கள் பெருகியிருந்தன. பெயர் விற்பனை, உண்மையில் அது பங்கை ஈடு வைத்து வாங்கிய கடன். தவணை வந்தபோது வாங்குவதாகச் சொன்னவரிடம் பணம் இல்லை. இடையில் நின்ற தரகு நிறுவனங்கள் தள்ளாடின. டிசம்பர் 2 முதல் 4 வரை மூன்று நாட்கள் சிங்கப்பூர், கோலாலம்பூர்ச் சந்தைகள் இரண்டுமே மூடப்பட்டன. தரகர்களைத் தாங்கிப்பிடிக்கச் சிங்கப்பூரின் நான்கு பெரிய வங்கிகள் 18 கோடி வெள்ளி நிதி ஏற்பாடு செய்தன. மறு ஆண்டே கடுமையான புதிய சட்டம் வந்தது.

கிட்டங்கியில் வளர்ந்த பெட்டியடிப் பையனுக்குக் கூட இதன் காரணம் விளங்கியிருக்கும். கடனுக்குத் தவணை உண்டு. பங்கின் விலை உயர்வுக்குத் தவணை இல்லை. நல்ல நிறுவனத்தின் பங்கும் ஓராண்டு இறங்கி, மூன்றாம் ஆண்டில் ஏறலாம். சொந்தப் பணத்தில் வாங்கியவர் காத்திருக்கலாம். கடன் வாங்கிப் போட்டவரால் காத்திருக்க முடியாது. விலை மிகத் தாழ்ந்த நாளிலேயே விற்க நேரிடும்.

இதற்கிடையே பங்கு, செல்வர் கைகளிலிருந்து சாதாரண மக்கள் கைகளுக்கும் வரத் தொடங்கியிருந்தது. 1978இல் மத்திய சேம நிதியைக் கொண்டு சிங்கப்பூர்ப் பேருந்து நிறுவனத்தின் பங்குகளை வாங்க வழி பிறந்தது. 1993இல் தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெல்லின் பங்குகள் குடிமக்களுக்குச் சலுகை விலையில் கிடைத்தன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குதாரர் ஆயினர். ஆசிரியர், ஓட்டுநர், கடைச் சிப்பந்தி எனப் பலரும் அவர்களுள் அடங்குவர். விலை ஏறியும் இறங்கியும் வந்தது. விற்காமல் வைத்திருந்தவர்கள் ஈவுத்தொகை பெற்று வந்தனர். 1999இல் பங்குச் சந்தையும் நிதிப் பேரச் சந்தையும் இணைந்து இன்றைய சிங்கப்பூர்ச் சந்தை உருவானது. முன்பு ஆயிரம் பங்குகளை ஒரு கட்டாக வாங்க வேண்டியிருந்தது. 2015 ஜனவரியில் அது நூறு பங்குகளாகக் குறைக்கப்பட்டது. சிறு சேமிப்பாளருக்கும் கதவு திறந்தது.

கதவு திறந்திருப்பதனால் மட்டும் உள்ளே ஓடிவிடலாகாது. ஆறு மாதச் செலவுக்கான தொகையை முதலில் வங்கியில் ஒதுக்கி வைப்போம். பிள்ளையின் படிப்புக்கும் பெண்ணின் திருமணத்துக்கும் அடுத்த ஆண்டே வேண்டிய பணத்தைச் சந்தையில் போடாதிருப்போம். வாங்க நினைக்கும் நிறுவனம் என்ன தொழில் செய்கிறது, அதற்குக் கடன் எவ்வளவு, ஈவு எதிலிருந்து வருகிறது என்று அதன் ஆண்டறிக்கையைப் படித்தறிவோம். எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தில் கொட்டாமல் பிரித்துப் போடுவோம். எக்காரணம் கொண்டும் கடன் வாங்கிப் பங்கு வாங்க மாட்டோம்.

மார்க்கெட் ஸ்திரீட்டின் பழைய கிட்டங்கிகள் இன்று இல்லை; அவ்விடத்தில் உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன. விலை எழுதிய பலகையும் போய், கைத்தொலைபேசித் திரை வந்துவிட்டது. ஆனாலும் அன்றிரவு பேரேட்டை எழுதி முடிக்காமல் மேலாள் உறங்கப் போனதில்லை. எவ்வளவு போட்டோம், ஏன் போட்டோம் என்று எழுதி வைக்கும் அந்த ஒரு பழக்கத்தையாவது நாம் அவரிடமிருந்து பெற்றுக்கொள்வோம். பால் வெட்டிய கைகளுக்குக் கிடைக்காத பங்கு இன்று நம் கைக்கு எட்டியிருக்கிறது. அதை அறிந்து பிடிப்பதே நமக்கு அழகு.