பீட்ரூட் விதை முளைப்பு

பீட்ரூட் விதை என்று கடையில் விற்பது தனி விதை அன்று. பூக்கள் பல ஒட்டி இறுகிய தக்கை போன்ற காய்த்திரள் அது. ஒவ்வொன்றிலும் இரண்டு முதல் ஐந்து விதைகள் வரை இருக்கும். முளைப்பு குறைவதற்கு முதற்காரணம் இந்தக் காய்த்திரளின் ஓடுதான். அதிலுள்ள, நீரில் கரையும் வேதிப்பொருள்கள் முளையைத் தடுக்கின்றன. ஓடு நனைந்து ஊறிக் கிடந்தால் கருவுக்குக் காற்றும் எட்டாது. ஆகவே விதையைத் துணியில் முடிந்து, ஓடும் நீரில் இரண்டு மணி நேரம் அலசி, நிழலில் உலர்த்தி உடனே விதைப்பதே சிறந்தது. தேங்கிய நீரில் நாள் முழுதும் ஊறவைப்பது கெடுதல்.

தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் பீட்ரூட் பயிராகிறது. 'ஊட்டி 1' தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ரகம். திருத்தணி போன்ற வடதமிழகச் சமவெளியில் கோடை வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டும். அப்போது விதைத்தால் வீண். மண்சூடு 30 பாகைக்குக் கீழே இறங்கும் ஐப்பசி முதல் மார்கழி வரையே ஏற்ற காலம், அதிலும் அடைமழை ஓய்ந்த நாட்கள். செம்மண் மழைக்குப் பின் மேலே இறுகுவதால், 2 சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு மட்கிய எருவால் மூடுவது நல்லது. வளர்ந்த பயிர் உப்பைத் தாங்கும். முளைக்கும் விதை தாங்காது. உப்புக் கிணற்று நீரைத் தவிர்க்க வேண்டும்.

ஒரே குழியில் பல நாற்றுகள் எழும். வலுவான ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடலாம். அந்தத் தளிர்கள் கீரையாகக் கடைவதற்கு ஏற்றவை.