அடுக்களைத் தீயும் அர்த்தசாஸ்திரமும்

1905-ஆம் ஆண்டில் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர், மைசூர் அரசாங்கக் கீழ்த்திசை நூலகத்தில் ஓர் ஓலைச் சுவடியை ஒப்படைத்தார். அது கிரந்த எழுத்தில் அமைந்த சுவடி. அதனை ஆராய்ந்த நூலகர் ஆர். சாமசாஸ்திரி, பல நூற்றாண்டுகளாகப் பெயரளவில் மட்டுமே அறிஞர்கள் அறிந்திருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அதுவே என்று கண்டார். மூலம் 1909-லும், அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு 1915-லும் நூலாக வெளிவந்தன.

அர்த்தசாஸ்திரம் என்றதும் ஒற்றரும் வரியும் படையெடுப்புமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அந்நூலின் இரண்டாம் பகுதியில், நகரத்தைக் கண்காணிக்கும் அதிகாரியின் கடமைகளைக் கூறுமிடத்தில், அடுப்பு நெருப்பைப் பற்றிய விதிகள் சில உள்ளன. அவற்றைப் படிக்கையில் பழங்காலத்துப் பெருநகர் ஒன்றின் கோடைகால அச்சம் முழுவதும் கண்முன் வந்து நிற்கிறது. அந்நூலோடு மரபு தொடர்புபடுத்தும் பாடலிபுத்திரமோ மர மதில் சூழ்ந்த நகரம். கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் அவ்வாறு குறித்துள்ளார். பாட்னாவில் நடந்த அகழ்வாராய்ச்சியில் அம்மதிலின் மரங்களே மண்ணுக்கடியில் அகப்பட்டன. தீ, நீர், உட்பகை ஆகிய மூன்றால் அந்நகருக்கு ஆபத்து நேரும் என்று புத்தர் முன்னுரைத்ததாகப் பாலி மொழி நூல் கூறுகிறது. அந்த வரிசையிலும் தீயே முதலில் நிற்கிறது.

விதிகள் இவை. கோடையில் நடுப்பகல் வேளையில் வீட்டினுள் நெருப்பு மூட்டலாகாது. மூட்டினால் அரைக்கால் பணம் அபராதம். சமைத்தே தீரவேண்டுமெனில் வெளியில் சமைக்க வேண்டும். நீர்க்குடங்கள், தொட்டி, ஏணி, கோடரி, முறம், கொக்கி, கூரைப் புல்லைப் பற்றி இழுக்கும் கருவி, தோற்பை ஆகியவை வீட்டில் இருக்க வேண்டும்; இல்லையேல் கால் பணம். புல்லும் பாயும் வேய்ந்தவற்றை அகற்ற வேண்டும். கொல்லரைப் போல நெருப்பைக் கொண்டு பிழைப்போர் ஓரிடத்திலேயே குடியிருக்க வேண்டும். வீதிகளிலும் நாற்சந்திகளிலும் நீர் நிறைந்த குடங்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்க வேண்டும். தீப்பற்றிய இடத்துக்கு ஓடிவந்து உதவாத வீட்டுக்காரருக்கு 12 பணம். வாடகைக்குக் குடியிருப்பவருக்கு 6 பணம். கவனக்குறைவால் தீ மூளச் செய்தவருக்கு 54 பணம்.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, இந்தப் பட்டியலின் சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதிப் பார்ப்பதில் ஓர் இன்பம் உண்டு. குடமும் முறமும் ஏணியும் எந்த வீட்டிலும் கிடக்கும் சாமான்கள். தனியாக ஓர் இயந்திரத்தையோ தனியாக ஒரு படையையோ சட்டம் கேட்கவில்லை. அதே சமயம், தீ பிடிக்கும்வரை அது காத்திருக்கவும் இல்லை. ஏணி இல்லாத வீடு, தீயே காணாத வீடாயினும், கால் பணம் கட்ட வேண்டியதுதான். வெளிமாநிலங்களில் பெரும்பாலும் வாடகை வீட்டில் வாழும் நம்மைப் போன்றோருக்கு அபராதத்தில் பாதி தள்ளுபடி உண்டு என்பதையும் நேயர்கள் கவனித்திருப்பர். முழுத் தள்ளுபடி இல்லை.

புல் வேய்ந்ததை அகற்றுக என்ற விதியைப் படிக்கும்போது மட்டும் என் மனம் இன்பம் கொள்வதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில், மதிய உணவு சமைத்த இடத்திலிருந்து எழுந்த தீ கீற்றுக் கூரையில் பற்றியது. 94 குழந்தைகள் மாண்டனர். ஓலைச் சுவடி புறப்பட்டுச் சென்ற அதே தஞ்சைத் தரணியில் இது நிகழ்ந்தது.

54 பணத்துக்கு நானே ஒருமுறை கடன்பட்டவனானேன். டில்லியில் அரசாங்கக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. அடுக்களை, இருவர் நின்றால் மூன்றாமவருக்கு இடமில்லாத அளவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பளம் பொரிக்க வாணலியில் எண்ணெயை வைத்துவிட்டுத் தொலைபேசி மணி கேட்டு நான் வெளியே வந்தேன். திரும்பியபோது எண்ணெயின் மேல் ஒரு முழ உயரத்துக்குச் சுவாலை எழுந்திருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார், பழகிய கையால், நீர்ச் சொம்பை எடுத்துவிட்டார். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் அந்த நொடியில் உள்ளே நுழைந்து, சொம்பைத் தட்டிவிட்டார். அடுப்பின் திருகை மூடினார். மாவு பிசையும் தம் பராத்தை ஓடிச் சென்று கொணர்ந்து வாணலியின்மேல் கவிழ்த்தார். சில விநாடிகளில் தீ அணைந்தது. கூரையில் படிந்த கரி வெள்ளையடிக்கும்வரை இருந்தது. ஓடிவந்து உதவாதோருக்குரிய 12 பணம் அவரிடம் யாரும் கேட்க முடியாது.

என் தாயார் செய்ய முற்பட்டது, ஓலைக் கூரைக்கும் விறகுக்கும் முற்றிலும் சரியான செயல். எரியும் எண்ணெய்க்கோ அது எமன். நீர் எண்ணெயைவிடக் கனமானதால் அடியில் இறங்குகிறது; அங்குள்ள கடும் வெப்பத்தில் நொடியில் ஆவியாகி, ஏறக்குறைய 1,700 மடங்கு விரிகிறது; விரியும் ஆவி, எரியும் எண்ணெயைத் துளித்துளியாக மேலே வாரி எறிகிறது. அடுக்களை முழுவதும் தீயாகிவிடும். சட்டியை மூடிக் காற்றை மறிப்பதே அதற்குரிய வழி. சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் கூடாது. அடுப்பின் சரித்திரத்தில் திரும்பத் திரும்ப நிகழ்வது இதுதான்: எரிபொருள் மாறிவிடுகிறது, கை மாறுவதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிடுகிறது.

நம்மவர் வடக்கே வந்து கண்ட முதல் புதுமை அங்கீட்டி என்னும் கரியடுப்பு. தென்னாட்டில் கணப்புக்கு வேலையில்லை; ஆகவே அதன் குணம் நமக்குத் தெரியாது. பனிக்கால இரவில் கதவையும் சன்னலையும் அடைத்து அங்கீட்டியை அருகில் வைத்து உறங்குவோரை, நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு வாயு உறக்கத்திலேயே கொன்றுவிடுகிறது. இன்றும் வட மாநிலங்களில் குளிர்காலச் செய்தித்தாள்களில் இத்தகைய மரணங்கள் தவறுவதில்லை.

அடுத்து வந்தது மண்ணெண்ணெய். 1892-ல் ஸ்வீடன் நாட்டு லிண்ட்க்விஸ்ட் அமைத்த பிரைமஸ் என்னும் பம்ப் ஸ்டவ், திரியும் புகையும் இல்லாமல் நீலச் சுவாலை தந்தது. பித்தளைத் தொட்டியில் காற்றை அடித்து ஏற்றி, துவாரம் அடைத்தால் பின்னால் குத்திச் சரிசெய்த அந்த ஸ்டவ்வின் இரைச்சல் நேயர்களில் பலருக்குக் காதில் ஒலிக்கலாம். அளவுக்கு மீறிக் காற்றடிப்பதும், எரியும்போதே எண்ணெய் ஊற்றுவதும் பலர் உயிரைக் குடித்தன.

ஆனால் “ஸ்டவ் வெடித்தது” என்ற சொற்றொடரை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து டில்லியிலும் பிற நகரங்களிலும் மாதர் சங்கங்கள் ஒரு கேள்வியை எழுப்பின. புகுந்த வீட்டு ஸ்டவ், இளம் மருமகளின் கையில் மட்டும் வெடிப்பது எங்ஙனம்? வரதட்சணைக் கொலைகள் பல, அடுக்களை விபத்து என்ற பெயரில் மறைக்கப்பட்டிருந்தன. கணவன் வீட்டார் கொடுமையைத் தண்டிக்கும் 498-அ பிரிவு 1983-லும், வரதட்சணை மரணம் பற்றிய 304-ஆ பிரிவு 1986-லும் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தன. விபத்தை விபத்தென்று ஆராயும் பழக்கம் இருந்திருந்தால், குற்றத்துக்கு அது போர்வையாக அமைந்திராது என்று எனக்குத் தோன்றுகிறது.

சமையல் வாயு 1955-ல் பம்பாயில் பர்மா ஷெல் கம்பெனியால் அறிமுகமாயிற்று. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இண்டேன் 1965-ல் கல்கத்தாவில் தன் முதல் இணைப்பை வழங்கியது. இன்று சாதாரண வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ வாயு உள்ளது. இது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழாமல் தரையில் தேங்குகிறது. இயல்பில் இதற்கு மணமில்லை. நம் மூக்கை உறுத்தும் நாற்றம் எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலப்பதால் உண்டாவது. 1937-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்துப் பள்ளி ஒன்றில் மணமற்ற இயற்கை வாயு கசிந்து வெடித்து, ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தனர். வாயுவில் நாற்றம் கலக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது அதன் பின்னரே. ஆகவே அந்த நாற்றத்தை அலட்சியம் செய்வோர், அக்குழந்தைகள் உயிர் கொடுத்து வாங்கிய எச்சரிக்கையை அலட்சியம் செய்கின்றனர். நாற்றம் அடித்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறக்க வேண்டும். மின் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணை அழைக்கலாம். தீயாயின் 101 அல்லது 112. ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். எங்கள் வீட்டுக் குழாயின் வயதை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். அதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. எதிர்வீட்டு அம்மையாரைப் போலவே ஒரு பராத் வாங்கி, அடுப்புக்கு எதிர்ச்சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன்.

தீக்காயத்துக்கு மையும் தோசை மாவும் பற்பசையும் பூசும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. ஓடும் குளிர்ந்த நீரில் காயத்தை 20 நிமிஷம் காட்டி, பிறகு மருத்துவரிடம் செல்வதே முறை. இங்கே தண்ணீர் நண்பன்.

ஏப்ரல் 14-ஆம் நாள் நாடெங்கும் தீயணைப்புப் பணி நாளாக அனுஷ்டிக்கப்படுகிறது. 1944-ல் அந்நாளில் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில், பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒன்றாகச் சுமந்து நின்ற போர்ட் ஸ்டிகின் என்னும் கப்பலில் தீப்பற்றி வெடித்தது. அதனை அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் 66 பேர் மாண்டனர். அதே தேதி பெரும்பாலான ஆண்டுகளில் நமக்குச் சித்திரைப் பிறப்பு. அவர்களுக்காக அங்கே மௌன அஞ்சலி செலுத்தும் காலைப் பொழுதில், டில்லியிலும் கல்கத்தாவிலும் மும்பையிலும் தமிழர் வீடுகளில் வடைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்.