அரசியார் சொல்லும் அமைச்சர் ஓலையும்

திண்டுக்கல்லினின்று பழனிக்குச் செல்லும் பெருவழியில் ரெட்டியார்சத்திரம் என்னும் ஊர் உளது. தைப்பூச நாட்களில் காவடி தாங்கி நடக்கும் அடியவர் பலர் அவ்வூர் வழியாகவே மேற்செல்வர். வழிநடப்போர்க்குச் சோறும் நிழலும் அளித்த அறச்சாலையை அப்பெயர் இன்றும் நினைப்பூட்டுகின்றது. அதனையடுத்து வரும் ஒட்டன்சத்திரமும் அத்தகையதே. இன்னும் மேற்கே சென்றால் விரூபாட்சி தோன்றும். விரூபாட்சன் என்பது முக்கட்பெருமானுக்குரிய திருநாமமாதலின் அவ்வூர்ப் பெயரைக் கேட்ட அளவில் சைவர் உள்ளம் மகிழும். ஆயினும், அவ்வூரை அடைக்கலமாகக் கொண்டு ஏறக்குறைய எட்டாண்டுகள் ஓர் அரசியார் தம் நாட்டை மீட்க முயன்றிருந்தார் என்பதை, அவ்வழியே முருகன் திருநாமம் பாடிச் செல்வோருள் எத்துணையர் எண்ணுவர்?

அவர் சிவகங்கை வேலு நாச்சியார். இராமநாதபுரம் செல்லமுத்து சேதுபதியின் மகளார். சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரின் தேவியார். 1772 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கும்பினியார் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும் ஒருங்கு கூடிக் காளையார்கோயிலைத் தாக்கின. அங்கே மன்னர் மாண்டார். காளையார்கோயிலாவது, திருக்கானப்பேர் எனத் தேவாரம் பெற்ற பாண்டிநாட்டுத் திருப்பதி. பாடல் பெற்ற தலத்தின் மதிலருகே பீரங்கி முழங்கியது என்பதை நினைக்கும்பொழுது இன்றும் நெஞ்சம் நடுங்கும். நவாபு, சிவகங்கைக்கு உசேன் நகர் எனப் பெயர் மாற்றினான். நாச்சியார் தம் இளம் மகள் வெள்ளச்சியோடும், முதிய அமைச்சர் தாண்டவராய பிள்ளையோடும் மேற்றிசை நோக்கி வந்து விரூபாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரிடம் புகல் அடைந்தார். மருதிருவரும் உடனிருந்து துணை செய்தனர்.

ஈண்டு நாம் நின்று நோக்கற்பாலது ஒரு கடிதம். 1772 டிசம்பர் 8 ஆம் நாள் ஐதர் அலிக்கு ஓர் ஓலை சென்றது. ஐயாயிரம் குதிரைப்படையும் ஐயாயிரம் காலாட்படையும் தந்துதவினால் நாட்டை மீட்கலாகும் என்பது அதன் கருத்து. எழுதியவர் தாண்டவராய பிள்ளை. கணவனை இழந்தவரும், நாடு இழந்தவரும், அந்நாட்டின் உரிமையைத் தாங்கி நின்றவரும் அரசியார். ஓலையிற் காணும் பெயரோ அமைச்சருடையது. பிள்ளையவர்களின் பற்றுறுதியில் யாம் சிறிதும் ஐயுறுவோமல்லேம். அக்காலத்து அரசியல் நெறி அதுவே. எனினும் வரலாறு எழுதப் புகுவோர்க்கு ஓர் இடர் நேர்கின்றது. அவ்வோலையில் எவ்வளவு அமைச்சர் சூழ்ச்சி, எவ்வளவு அரசியார் துணிவு என்பதை எதனைக் கொண்டு பகுப்பது? சின்னாளில் பிள்ளை காலமானார். அதன் பின்னும் முயற்சி ஓயவில்லை என்பதே, அத்துணிவு யாருடையது என்பதற்குப் போதிய சான்று. நாச்சியார் திண்டுக்கற் கோட்டையில் ஐதரை நேரிற் கண்டு உருது மொழியிலேயே உரையாடினார் என்பது வழிவழி வழங்கும் செய்தி. 1780 இல் ஐதரின் துணைப்படையுடனும் மருதிருவர் திரட்டிய படையுடனும் திரும்பிச் சிவகங்கையைக் கைக்கொண்டு ஆண்டார். அப்போரிற் குயிலி என்பாள் தன் உடலிலே தீயிட்டு வெடிமருந்துக் கிடங்கினுட் புகுந்தாள் எனவும் மறவர் நாட்டில் வழங்குவர். 1796 இல் நாச்சியார் மறைந்தார். 2008 இல் நடுவணரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.

அதே காலத்தில் வடக்கே மாளவத்தை ஆண்ட அகல்யாபாய் ஓல்கர் (1767 முதல் 1795 வரை) காசி விசுவநாதர் கோயிலைப் புதுக்கினார். அதுவும் 1780 ஐ ஒட்டிய செயலே. அவ்வம்மையார் தம் ஆணைகளைச் சங்கரன் திருப்பெயரால் விடுத்தார் என்பர். தென்கோடியில் ஒருவர், நடுநாட்டில் ஒருவர். இருவரும் கைம்பெண்டிர், இருவரும் சிவபத்தியிற் சிறந்தோர், ஒருவரையொருவர் அறியார்.

நிற்க. அரசியின் சொல்லை அமைச்சர் தாங்கிச் செல்லுதல் நம் சைவ வரலாற்றில் இதற்கு ஆயிரம் ஆண்டு முன்னரும் நிகழ்ந்தது. கி. பி. ஏழாம் நூற்றாண்டில் பாண்டிமாதேவியார் மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் திருமறைக்காட்டில் எழுந்தருளியிருந்த திருஞானசம்பந்தப் பிள்ளையாருக்குத் தூதனுப்பிய செய்தியை அன்பர்கள் நன்கு அறிவர். மன்னன் வேறு சமயத்தில் நிற்க, அவன் அரண்மனையினுள்ளேயே இருந்துகொண்டு நாட்டின் சமயப்போக்கை மாற்ற ஓர் அரசி துணிந்தமை வெறும் இல்லறப் பத்தியன்று. அது முற்றும் அரசியற் செயல். நம் சொற்பொழிவாளர் பலர் அம்மையாரைக் கற்பிற் சிறந்த தேவியார் என்று மட்டும் புகழ்ந்து இப்பகுதியை விரைந்து கடப்பர். அவர் அவைக்களத்திலும் வாய் திறந்தார் என்பதைச் சேக்கிழார் பெருமான் மறைத்திலர். இளம்பிள்ளையாகிய சம்பந்தர் பலரோடு வாதம் புரிய நேர்ந்ததைக் கண்டு தேவியார் அஞ்ச, பிள்ளையார் அவரையே விளித்து அச்சம் நீக்கிப் பாடியருளிய பதிகம் நமக்குக் கிடைத்துளது.

அதனினும் வலிய சான்று, பிள்ளையார் ஆலவாயிற் பாடிய மற்றொரு பதிகம். அதன்கண் முதற்பாட்டில் அரசியாரையும் அடுத்த பாட்டில் அமைச்சரையுமாக மாறி மாறிப் போற்றுகின்றார். இருவர் தொண்டும் ஒன்றே, பெயர் இரண்டு, முதலிற் பேசப்படுபவர் அரசியார். உடன் வாழ்ந்து நேரிற் கண்டவர் வைத்த முறை இது. 1772 ஆம் ஆண்டின் ஓலையையும் இப்பதிகத்தையும் அருகருகே வைத்து நோக்குக. ஒன்றில் அமைச்சர் அரசிக்காக எழுதுகின்றார். மற்றொன்றில் ஆசாரியர் அரசியின் செயலை அரசியின் பெயராலேயே எழுதி வைக்கின்றார். சொல்லைத் தாங்கிச் செல்வார் எக்காலத்தும் வேண்டும். தாங்கியவர் பெயர் நின்று, சொன்னவர் பெயர் தேய்ந்து போவதே குறை.

இன்னும் முற்பட்ட காலத்தை நோக்கின், எவர் துணையும் வேண்டாது தாமே பேசிய காரைக்காலம்மையார் நிற்கின்றார். மூவர் முதலிகளுக்கு முன்னரே இசைத்தமிழாற் சிவபெருமானைப் பாடி, பாட்டின் முடிவிலே தம் பெயரையும் பொறித்த பெருமாட்டியார் அவர். பதினோராந் திருமுறையுள் அவர் நூல்கள் இடம்பெற்றன. அறுபத்துமூவருள் பெண்பாலார் மூவரே என்று சிலர் குறைபடுவர். அக்குறைபாடு நேர்மையானதே, மறுத்தற்கில்லை. ஆனால் அம்மூவருள் ஒருவர் குரல் நம் மரபில் முந்து தோன்றிய குரல்களுள் ஒன்று என்பதையும் உடன் கூறவேண்டும்.

சோழர் காலத்திற்கு வருவோம். கண்டராதித்தர் தேவியாரும் உத்தம சோழரின் தாயாருமாகிய செம்பியன் மாதேவியார், கைம்மையுற்ற பின் பன்னெடுங்காலம் வாழ்ந்து செங்கற் றளிகள் பலவற்றைக் கற்றளியாக்கினார். திருநல்லம், திருக்கோடிகா, திருமுதுகுன்றம், ஆரூர் அரநெறி என அவர் திருப்பணி பெற்ற தலங்கள் பல. திருக்கோடிகாவிற் பழைய கோயிலைப் புதுக்கியபொழுது, முன்னோர் பொறித்த கல்வெட்டுக்கள் அழியாதபடி அவற்றைப் படியெடுத்துப் புதிய கல்லில் மீள வெட்டச் செய்தார். பிறர் பெயரும் பிறர் கொடையும் மறையலாகாது என்று கருதிய இவ்வரசியாரை யாம் ஆவணக் காப்பாளர்க்கெல்லாம் தாய் என்போம். கணவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாந் திருமுறையில் உளது. தேவியார் குரலைக் கேட்கவேண்டின் சுவரைப் படிக்கவேண்டும்.

சுவரைப் படிப்போர்க்கு மற்றொன்றும் புலனாகும். கொடையளித்த பெண்டிர் பெயர்கள் கோயில்தோறும் நிறைந்துள்ளன. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இராசராசர் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும் பெயரும் தெருவும் வீட்டு எண்ணும் தனித்தனியே பொறிக்கப்பட்டுள. ஆனால் ஊராளும் அவைகளில்? 919, 921 ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூரில் வெட்டப்பெற்ற குடவோலைச் சாசனங்கள் நிலவுடைமை, சொந்த மனை, வயது, வேதப் பயிற்சி எனத் தகுதிகளை நிரல்பட வகுக்கின்றன. அங்கே பெண்ணைப் பற்றிய பேச்சே எழவில்லை. கொடுக்கும் கை வேண்டப்பட்டது. ஆராயும் சொல் கேட்கப்படவில்லை. உடம்பு மாயையின் காரியம், ஆண் பெண் என்னும் பேதம் உடம்பளவினது, உயிர்க்கன்று என்று சித்தாந்தம் முழங்கும் நாம், மாதொருபாகனை வழிபடும் நாம், இவ்விடத்தில் நாணுதல் வேண்டும். சாத்திரத்தை மேடையிற் சொல்லுதல் எளிது. அவையில் ஓர் இருக்கை ஒழித்துக் கொடுத்தல் அரிதாயிருந்தது.

சிவகங்கைக்கே திரும்புவோம். 1801 இற் கும்பினியார் அமர்த்திய சமீன்தார் கௌரி வல்லபர் 1829 இல் இறந்தார். அவர்க்குப் பின் தமையன் மரபினர் சமீனைக் கைக்கொண்டனர். அவர்தம் மனைவியருள் ஒருவரும், பின்னர் மகளார் காத்தம நாச்சியாரும் வழக்கு மன்றம் ஏறினர். வழக்கு முப்பது ஆண்டுக்கு மேலும் நீண்டு இலண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்றது. அச்சமீன் கௌரி வல்லபர் தாமே ஈட்டிய உடைமை ஆதலின் தமையன் மரபினர்க்குச் செல்லாது என்றும், மகளுக்கே உரியது என்றும் 1863 இல் முடிபாயிற்று. இந்து வாரிசுச் சட்டத்தைக் கற்போர் இன்றளவும் அத்தீர்ப்பை எடுத்தோதுவர். ஆண்மகவு இல்லாத இடத்து வந்த உரிமையே அது. சமநிலை எனல் மிகையாம். ஆயினும் ஒரு பெண் தன் பெயராலேயே வழக்காடித் தன் பெயராலேயே வென்றாள்.

அடுத்த நூற்றாண்டின் செய்திகள் யாவரும் அறிந்தனவாதலின் சுருங்கச் சொல்வோம். 1921 ஏப்ரலில் சென்னைச் சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கத் தீர்மானித்தது. சொத்துடையார்க்கே வாக்கு என்னும் வரம்பினால் பயன்பெற்றோர் சிலரே. 1927 இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் அச்சபையின் துணைத்தலைவரானார். திண்டுக்கற் சீமையிலோ, 1947 இற் காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் சௌந்தரம் அம்மையார் 1952 இல் ஆத்தூர்த் தொகுதியினின்று சட்டசபைக்கும், 1962 இல் திண்டுக்கல்லினின்று பாராளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டு, நடுவணரசிற் கல்வித் துணையமைச்சராயும் விளங்கினார். இளமையிற் கைம்மையுற்றுப் பின் மருத்துவம் கற்று மறுமணமும் புரிந்தவர் அவர். நாச்சியார் அடைக்கலம் புகுந்த அதே சீமை அவரை ஆளும் அவைக்கு அனுப்பியது.

1993 இல் நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டத்தின் 73 ஆவது திருத்தம் ஊராட்சிகளில் மூன்றிலொரு பங்கைப் பெண்டிர்க்கு ஒதுக்கிற்று. 2016 இல் தமிழ்நாடு அதனைப் பாதியாக உயர்த்திச் சட்டம் செய்தது. அவ்வாறு 2019 டிசம்பரில் நிகழ்ந்த தேர்தலில் ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்து ஊராட்சிகளும் வாக்களித்தன. உத்தரமேரூர்க் கல்வெட்டு மறந்ததைச் சட்டம் நினைந்தது. ஆனால் நாட்டின் பல இடங்களில் பலகையில் மனைவி பெயரும் நாற்காலியில் கணவர் உருவுமாக இருத்தலை யார் அறியார்? இவ்வழக்கத்தை ஆராய 2023 இல் நடுவணரசே ஒரு குழு அமைக்க நேர்ந்தது. தாண்டவராய பிள்ளை அரசியார் சொல்லைத் தாங்கினார். இக்கணவன்மாரோ சொல்லைத் தமதாக்கிக் கொள்கின்றனர். முன்னதை இதற்கு மேற்கோளாகக் காட்டுவோர் வரலாற்றையும் பிழைபடுத்துவர்.

இது நமக்கு அயலார் செய்தியன்று. கோயில் அறங்காவலர் குழுவில் ஒருவர் பெண்ணாதல் வேண்டும் என அறநிலையச் சட்டம் விதித்துளது. 2021 இல் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலிற் பெண் ஓதுவார் ஒருவர் அமர்த்தப்பெற்றார். காரைக்காலம்மையார் மரபினர் இதனை வியத்தற்கு யாதுமில்லை. குழுவில் அமர்ந்த அம்மையார் திருப்பணியைப் பற்றியோ அன்னதானத்தைப் பற்றியோ ஒரு கருத்துக் கூறின், கூட்டக் குறிப்பில் அது ‘குழுவினர் கருதினர்’ என்று பொதுவாக எழுதப்படுகின்றதா, அவர் பெயராலேயே எழுதப்படுகின்றதா என்பதைச் சைவ சபையினர் தத்தம் ஊர்களில் உசாவுவாராக. திருக்கோடிகாவின் சுவர் அருகிலுள்ளோர் ஒருமுறை சென்று, அப்பெருமாட்டியார் மீள வெட்டுவித்த பழைய பெயர்களைப் படித்துவிட்டு வந்து, அதன்பின் தம் ஊர்க் கோயிலின் குறிப்பேட்டைத் திறப்பது நன்று.