வங்காலையிலிருந்து இராமேஸ்வரம் எவ்வளவு தூரம்?

மன்னார்க் கரையிலுள்ள வங்காலையிலிருந்து இராமேஸ்வரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். இன்று கடவுச்சீட்டோடு முறைப்படி அங்கே போக நினைப்பவர் முதலில் எதிர்த்திசையில், தெற்கே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு, 300 கிலோமீற்றர் அளவு பஸ் ஏற வேண்டும். மதுரைக்குப் பறக்கும் நேரம் ஒரு மணி அளவுதான். ஆனால் நிலையத்தில் அதைவிட அதிக நேரம் காத்திருக்க வேண்டும். மதுரையில் இறங்கிய பின் இன்னும் 170 கிலோமீற்றர் கிடக்கிறது. பயணச்சீட்டில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தைக் காட்டி இரு கரைகளும் கிட்டிவிட்டன என்கிறோம். கொழும்புக்கு அது சரி. மன்னார்க் கரைக்கோ அக்கரை நூறு வருடங்களுக்கு முன்பு இருந்ததைவிட எட்டப் போய்விட்டது.

1544இல் மன்னார் மக்கள் ஞானஸ்நானம் கேட்டு ஆளனுப்பியது அக்கரையில், முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியாரிடம். சிலாபத்துறை முத்துக்குளிப்புக்குக் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குளியாட்கள் வந்தார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடிக்கு ரயில் வந்ததும் போட் மெயில் தொடங்கியது: சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னார் இறங்குதுறைக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். இது எங்களுக்காகப் போட்ட பாதையா என்று கேட்பது நியாயம். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்கு முன் அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தார்கள், வாந்திபேதியில் வழியிலேயே பலர் மாண்டார்கள். ரயில் வந்த பின்னும், மண்டபம் முகாமில் ஆட்களை அடைத்து வைத்த பிறகே கப்பலேற்றினார்கள். அந்த வரலாற்றை மறைக்கக் கூடாது. ஆனால் அதே பாதைதான் மன்னாரில் ரயிலேறிய ஒருவரைச் சில மணி நேரக் கடற்பயணத்தில் இராமேஸ்வரத் தீவில் இறக்கியது.

விமானம் வந்தால் கப்பல் ஓய்வது இயல்புதானே என்பார்கள். ஆண்டுகள் அப்படிச் சொல்லவில்லை. எயார் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது 1947 டிசம்பரில். அதன் பிறகும் 17 வருடங்கள் தனுஷ்கோடிக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ரயிலொன்றையே பயணிகளோடு கடல் கொண்டுபோனது. அதற்கும் கப்பல் முடிந்துவிடவில்லை, இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980களில் போர்தான் அதை நிறுத்தியது. வேகத்தில் தோற்ற பாதை அல்ல இது, அடைக்கப்பட்ட பாதை. அடைத்த பின்னும் கடல் கிட்டத்தான் இருந்தது என்பதற்கு அகதிகளே சாட்சி. உயிருக்குப் பயந்த குடும்பங்கள் இரவில் படகேறின. ஓட்டிகள் சிலர் அவர்களை இராமர் அணையின் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் போனார்கள். குடிக்கத் தண்ணீரில்லாத அந்தத் திட்டில் பிள்ளைகளோடு விடியும்வரை நின்றார்கள். கப்பல் ஓடியிருந்தால் பயணச்சீட்டோடு போயிருக்க வேண்டியவர்கள்.

இப்போது பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும், 2023இல் தொடங்கிய காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பலும் இருக்கின்றனவே என்றால், அவை யாழ்ப்பாணத்துக்கு நல்லது. இராமேஸ்வரம் போகிற மன்னார்காரருக்குச் சுற்று வழிதான். இதைவிடக் கனமான மறுப்பு கரையிலிருந்தே வருகிறது. இந்திய இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக் கடலடியை வாரிக்கொண்டு போகும்போது, அந்தப் பக்கத்துக்கு வாசல் திறப்பதா என்ற கோபம். அந்தக் கோபத்தில் முழு நியாயம் உண்டு. ஆனால் இழுவைப் படகுகள் கப்பல் பாதையைக் கேட்டு வரவில்லை, பாதை இல்லாத இத்தனை வருடங்களில்தான் பெருகின. கடத்தலும் அப்படியே. இழுவை மடியைத் தடுப்பது ஒரு வேலை, சுங்கமும் குடிவரவும் உள்ள கப்பலை விடுவது வேறு வேலை. ஒன்றைச் சாட்டி மற்றதைத் தள்ளிப்போடுவதில் கரைக்கு எந்த இலாபமும் இல்லை. 2015இல் தலைமன்னார் இறங்குதுறை வரை தண்டவாளம் மீண்டும் வந்தது. 2025இல் அக்கரையில் புதிய பாம்பன் பாலம் திறந்தது. இடையிலுள்ள கடலுக்கு மட்டும் இன்னும் பயணச்சீட்டு விற்பதில்லை.