மணலுக்கு வேலியா?

அலைக்கு உரிமையாளர் யார்? காற்றுக்குப் பட்டா வழங்கியது எந்த அலுவலகம்? இப்படிக் கேட்டால் நகைப்பார்கள். ஆனால், அலைக்கும் ஊருக்கும் இடையே கிடக்கும் மணல் யாருக்குச் சொந்தம் என்று கேட்டுப் பாருங்கள்; நகைப்பு நின்றுவிடும். வழக்கறிஞர்கள் வருவார்கள், பத்திரங்கள் வரும், வேலியும் வரும். அப்படி வந்த ஒரு வேலியின் கதையைத்தான் நாம் இங்கே எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

1966ஆம் ஆண்டுக் கோடைக்காலம். அமெரிக்காவின் மேற்கே, பசிபிக் பெருங்கடலைத் தழுவிக் கிடக்கிறது ஒரிகான் மாநிலம். அங்கே கேனன் பீச் என்றொரு சிற்றூர். கடலோரத்தில் ஒரு பயணியர் விடுதி. அதன் உரிமையாளர், விடுதிக்கு முன்னிருந்த உலர்ந்த மணற்பரப்பைக் கடல் ஒதுக்கிய மரக்கட்டைகளால் வளைத்தார். விடுதியில் அறை எடுத்தவர்க்கே இம்மணல் என்றார். அங்கே வந்து அமர்ந்த மற்றவர்கள் எழுப்பி அனுப்பப்பட்டனர். கட்டையைக் கொணர்ந்து கொடுத்தது கடல். அதே கட்டையைக் கொண்டு, கடல் காண வந்தவரைத் தடுத்தது காசு!

அக்கிரமம் என்பீர்கள். ஆனால், அவர் கையில் பத்திரம் இருந்தது. சட்டத்தின் ஏடும், ஒரு வகையில், அவர் பக்கமே சாய்ந்திருந்தது. அது எப்படி? அதை அறிய, அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1911 முதல் 1915 வரை ஒரிகானின் ஆளுநராக இருந்தவர் ஆஸ்வால்ட் வெஸ்ட். கடலோர நிலங்கள் தனியாருக்கு விலைபோய்க் கொண்டிருந்த காலம் அது. 'கடற்கரையைக் காப்பாற்றுங்கள்' என்று சட்டமன்றத்தில் கெஞ்சினால் எத்தனை பேர் செவிசாய்த்திருப்பார்களோ! அவர் வேறு வழி கண்டார். கரையோரத்தில் நல்ல சாலைகள் இல்லாத நாட்களில், ஈர மணலே சாலையாக இருந்தது; வண்டிகள் அதன்மீது ஓடின. 1899இலேயே வடகோடியிலுள்ள கிளாட்சாப் வட்டாரத்தின் கடற்கரை பொதுச் சாலையாக அறிவிக்கப்பட்டிருந்தது. அதையே மாநிலம் முழுமைக்கும் விரித்தார் வெஸ்ட். 1913இல் நிறைவேறிய சில வரிச் சட்டம், கொலம்பியா ஆற்று முகத்திலிருந்து கலிபோர்னியா எல்லை வரை, ஏறத்தாழ 360 மைல் கடற்கரையைப் பொதுச் சாலை என்றாக்கிற்று. சாலை என்றால் விற்க முடியாது. சாலைக்கு வேலி போடவும் முடியாது. அறிவுடைய ஆட்சியாளர் ஒருவர் ஆரவாரமின்றிச் செய்த அருஞ்செயல் அது!

ஆனால் அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஓதம் ஏறி இறங்கும் ஈர மணலைத்தான் அது காத்தது. அதற்கு மேலே, மக்கள் துணி விரித்து அமரும், குழந்தைகள் மணல்வீடு கட்டும் உலர்ந்த மணலைப் பற்றி அது பேசவில்லை. மக்களும் கவலைப்படவில்லை. பாட்டன் நடந்தான், பேரன் நடக்கிறான், யார் கேட்கப் போகிறார்கள் என்றிருந்தனர். பழக்கத்தையே பாதுகாப்பு என்று கருதினர். விடுதிக்காரர் கட்டைகளை அடுக்கியபோதுதான், தம் கையிலிருந்தது பழக்கமே தவிர எழுதப்பட்ட உரிமை அன்று என்பது அவர்களுக்குப் புரிந்தது.

1967இல் சட்டமன்றத்துக்கு ஒரு முன்வரைவு வந்தது. செடிகொடி முளைக்கும் எல்லை வரை மணல் அனைத்தும் மக்களின் பயன்பாட்டுக்குரியது என்றது அது. சொத்துரிமையைப் பறிக்கிறார்களே என்று கூக்குரல் எழுந்தது. முன்வரைவு குழுவிலேயே முடங்கிச் சாகும் நிலை. அப்போது ஆளுநராக இருந்தவர் டாம் மக்கால். வெஸ்ட் ஜனநாயகக் கட்சியினர்; இவரோ குடியரசுக் கட்சியினர். முன்னாளில் செய்தியாளராகப் பணியாற்றியவர். மூடிய அறையில் முடங்கும் செய்தியைத் தெருவுக்குக் கொண்டுவரும் வித்தை தெரிந்தவர். மே 13ஆம் நாள், அறிவியலாளரும் அளவையாளரும் உடன்வர, எலிகாப்டரில் பறந்து கடற்கரையில் இறங்கினார். எந்த உயரத்தில் கோடு கிழித்தால் மக்களுக்கு எவ்வளவு மணல் மிஞ்சும் என்பதை, மணலில் முளை அடித்தே காட்டினார். செய்தியாளர்கள் படமெடுத்தனர்; நாடு பார்த்தது; சட்டமன்ற உறுப்பினர்களின் மேசைகளில் கடிதங்கள் குவிந்தன. ஜூலை 6ஆம் நாள் முன்வரைவு சட்டமாயிற்று.

வழக்கு ஒரிகான் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1969இல் வந்த தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆல்ஃபிரட் குட்வின். நெடுநாள் பயன்பாட்டால் வந்த உரிமை என்று சொல்லி மக்கள் பக்கம் தீர்ப்பளித்திருக்கலாம். ஆனால் அந்த விதி ஒரு குறிப்பிட்ட மனைக்கே பொருந்தும். கரையெங்கும் மனைக்கு ஒரு வழக்காகத் தொடுத்துக் கொண்டிருக்க நேரும். எனவே நீதிபதி, ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 18ஆம் நூற்றாண்டில் வகுத்துரைத்த வழமை என்னும் கோட்பாட்டைக் கையிலெடுத்தார். நினைவுக்கெட்டாக் காலந்தொட்டு, இடையறாது, அமைதியாக மக்கள் கையாண்டுவந்த வழமைக்குச் சட்டத்தின் வலிமை உண்டு என்றார். நிலம் உரிமையாளரிடமே இருக்கட்டும். ஆனால் வேலி கூடாது!

வழமையா? அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் புருவம் நெரிகிறது. தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்ற ஒரு சொல்லைக் காட்டித்தானே தெருக்களை மூடினார்கள், கதவுகளை அடைத்தார்கள், மனிதனை மனிதன் தீண்டக் கூடாது என்றார்கள்! அதே சொல் இங்கே மக்களுக்கு வாளானது எப்படி?

பிளாக்ஸ்டனின் பட்டியலைப் படித்தால் விடை கிடைக்கும். பழமை மட்டும் போதாது. வழமை அறிவுக்குப் பொருந்தியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது அப்பட்டியல். வயது ஒரு தகுதியே. பகுத்தறிவோ அதனினும் கடுமையான தேர்வு. அனைவர்க்கும் திறந்துவிடும் வழக்கம் அத்தேர்வில் தேறுகிறது. சிலர்க்காகப் பலரை விலக்கும் வழக்கம், ஆயிரம் ஆண்டு வயதானாலும், தோற்றே தீரும்.

ஆனால், தீர்ப்பைப் புகழ்வதோடு நாம் நின்றுவிட்டால் வரலாற்றில் பாதியை மறைத்தவராவோம். அந்த வழமை எங்கே தொடங்கிற்று? வெள்ளையர் வந்தபோது, பழங்குடியினர் ஈர மணலில் சிப்பி தோண்டி, உலர்ந்த மணலில் அடுப்பு மூட்டிச் சமைத்ததை அந்தத் தீர்ப்பே சுட்டுகிறது. அந்தக் கிளாட்சாப், டில்லமூக் மக்களுடன் 1851இல் செய்துகொண்ட உடன்படிக்கைகளை அமெரிக்க செனட் ஏற்கவே இல்லை. அவர்களின் நிலம் போயிற்று. அவர்கள் மூட்டிய அடுப்பின் சாம்பல் மட்டும் நீதிமன்றத்தில் சான்றாக வந்து நின்றது! இன்னொன்றும் உண்டு. கடற்கரை அனைவர்க்கும் பொது என்று 1913இல் சட்டம் செய்த அதே மாநிலத்தின் அரசியல் சட்டத்தில், கறுப்பினத்தார் குடியேறலாகாது என்ற வாசகம் 1926இல்தான் நீக்கப்பட்டது. 'அனைவரும்' என்ற சொல்லை எழுதுவது எளிது. அதன் முழுப்பொருளை ஏற்பதுதான் அரிது.

ஒரிகானில் கிடைத்தது எங்கும் கிடைத்துவிடவில்லை. அதே நாட்டின் கிழக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 1640களின் குடியேற்றக் காலச் சட்டம் விட்டுச்சென்ற மரபின்படி, ஓதம் ஏறி இறங்கும் ஈர மணலும் பெரும்பாலும் தனியார் சொத்து. பொதுமக்கள் அங்கே மீன்பிடிக்கலாம், பறவை வேட்டையாடலாம், படகு செலுத்தலாம். உலாவுவதற்கு உரிமை இல்லை. துப்பாக்கி ஏந்தி வருபவருக்கு வழி உண்டு. குழந்தையை ஏந்தி வருபவருக்கு வழி இல்லை!

ஒரிகானிலும் எதிர்ப்பு ஓய்ந்துவிடவில்லை. அதே கேனன் பீச்சில், தம் மனைக்கு முன் கடற்சுவர் எழுப்ப அனுமதி மறுக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடுத்தனர். 1993இல் மாநில உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பையே நிலைநிறுத்திற்று. 1994இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. அப்போதும் இரு நீதிபதிகள் மாறுபட்டு, சொத்துரிமையின் பக்கம் குரல் கொடுத்தனர். அந்தக் குரல் மீண்டும் ஒருநாள் ஒலிக்கலாம்.

எனவே, இளைஞர்களே, இதனால் நாம் பெறும் பாடம் ஒன்று. பொதுச் சொத்து ஒரே நாளில் பறிபோவதில்லை. முதலில் நான்கு கட்டைகள்; பிறகு ஒரு பலகை; பிறகு ஒரு காவலாள்; பிறகு, 'எப்போதும் இப்படித்தானே' என்ற பேச்சு. ஒரிகான் மக்கள் நான்கு கட்டைகளைக் கண்டதுமே கேட்டார்கள். கேட்டதைச் சட்டமாக எழுதவும் வைத்தார்கள். வேலி சுவராக வளர்ந்து, சுவர் வழக்கமாக முதிர்ந்த பிறகு கேட்டிருந்தால், அந்த வழமை என்னும் வாளே விடுதிக்காரரின் கைக்குப் போயிருக்கும்.