மக்காச்சோளமும் மனச்சோர்வும்: பெல்லாக்ரா நோய் வரலாற்றில் புரத மூலம் பற்றிய வினா

ஆய்வுச் சுருக்கம்

வளர்ந்தோர் உண்ணும் புரதம் எவ்வுணவிலிருந்து கிடைக்கிறது என்பதற்கும் அவர்களிடம் காணப்படும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டா என்னும் வினா இன்று ஊட்டச்சத்தியலிலும் உளமருத்துவத்திலும் எழுப்பப்படுகிறது. இவ்வினாவின் வேர்கள் பெல்லாக்ரா நோயின் வரலாற்றில் உள்ளன. 18ஆம் நூற்றாண்டின் ஸ்பெயின், இத்தாலி, 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்கத் தென்மாநிலங்கள், 1960களின் தக்காணம் ஆகிய களங்களில் இந்நோய் ஆராயப்பட்ட முறையை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் தொகுத்துக் காண்கிறது. புரத மூலம் மனநிலையைப் பாதித்தது என்பதற்கு இவ்வரலாறு சான்று தருகிறது. அப்புரத மூலத்தை வறுமையே தீர்மானித்தது என்பதற்கும், குறைபாடுற்றோரிடம் கண்ட உண்மையைப் போதிய உணவு பெறுவோர்க்கு அப்படியே விரித்துரைக்க இயலாது என்பதற்கும் அதுவே சான்றாகிறது.

திறவுச்சொற்கள்: பெல்லாக்ரா, புரதம், டிரிப்டோஃபான், நியாசின், செரட்டோனின், மனச்சோர்வு, கோல்ட்பெர்கர், சோளம்

முன்னுரை

பெல்லாக்ரா பொதுவாகத் தோல் நோயாகவே நினைவுகூரப்படுகிறது. வெயில் படும் இடங்களில் தோல் சிவந்து கருத்துத் தடித்தல், வயிற்றுப்போக்கு, மனத்தடுமாற்றம், இறுதியில் மரணம் என நான்கு நிலைகளாக மருத்துவ நூல்கள் அதனை வகுத்துரைக்கும். இவ்வைப்புமுறை மனநிலை மாற்றத்தை நோயின் பிற்கட்டத்துக்கு உரியதாகக் காட்டுகிறது. ஆயினும், உறக்கமின்மை, எரிச்சல், ஊக்கமின்மை, காரணமற்ற துயரம் ஆகியவை தோலில் அடையாளம் தோன்றுமுன்பே தலைப்படுவதைப் பல மருத்துவர்கள் கண்டுள்ளனர். தோல் அடையாளம் இல்லாத நிலையில் அத்தகையோர் நரம்புத் தளர்ச்சி உடையோராகவே கருதப்பட்டனர். ஆகவே பெல்லாக்ராவின் வரலாறு, உணவால் நேர்ந்த மனச்சோர்வின் வரலாறாகவும் அமைகிறது.

புதிய தானியமும் புதிய நோயும்

அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த மக்காச்சோளம் ஏழை உழவர்களின் முதன்மை உணவாக மாறிய பகுதிகளிலேயே பெல்லாக்ரா முதலில் பதிவாயிற்று. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் மருத்துவராக இருந்த காஸ்பார் காசால் 1735இல் இந்நோயைக் கண்டு விவரித்தார். அவருடைய நூல் அவர் மறைவுக்குப் பின்னர் 1762இல் வெளிவந்தது. நோயாளரின் உணவில் மக்காச்சோளமே மிகுந்திருந்ததையும் இறைச்சி அரிதாக இருந்ததையும் அவர் குறித்துள்ளார்; அவர்களைப் பற்றியிருந்த மனத்துயரும் அவர் பார்வைக்குத் தப்பவில்லை. மிலான் மருத்துவர் பிரான்செஸ்கோ பிராப்போல்லி 1771இல் 'பெல்லாக்ரா' என்ற பெயரை எழுத்தில் வழங்கினார். சொரசொரப்பான தோல் என்பது அதன் பொருள். தோலைச் சுட்டும் இப்பெயரே பிற்காலத்தார் கவனத்தை மனத்திலிருந்து விலக்கியது எனலாம்.

வட இத்தாலியின் மனநலக் காப்பகங்கள் 19ஆம் நூற்றாண்டில் பெல்லாக்ரா நோயாளரால் நிரம்பின. கெட்டுப்போன மக்காச்சோளத்தில் உருவாகும் நச்சே நோய்க்குக் காரணம் என்பது செசாரே லொம்ப்ரோசோவின் கொள்கை. உணவில் தீயது ஒன்று உள்ளது என்று தேடியவர்கள், உணவில் நல்லது ஒன்று இல்லாதிருக்கலாம் என்று எண்ணவில்லை. அதேவேளை, மக்காச்சோளத்தைத் தொன்றுதொட்டு உண்டுவந்த மெக்சிகோ மக்களிடம் இந்நோய் பரவலாக இல்லை. அவர்கள் தானியத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்ததும், அதனுடன் அவரையினப் பயறுகளை உண்டதும் இதற்குக் காரணங்கள். தானியம் கடல் கடந்தது. அதனைச் சமைக்கும் அறிவும் துணையுணவும் உடன் வரவில்லை.

கோல்ட்பெர்கரின் ஆய்வுகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கறுப்பின மக்களுக்கான மவுண்ட் வெர்னன் மனநல மருத்துவமனையில் 1906இல் 88 பேருக்கு பெல்லாக்ரா கண்டது. அவர்களுள் 57 பேர் இறந்தனர். மருத்துவர் ஜார்ஜ் சியர்சி 1907இல் இதனை வெளியிட்டார். அதன்பின் தென்மாநிலங்கள் முழுவதும் இந்நோய் இருப்பது தெரியவந்தது. 1906 முதல் 1940 வரை ஏறத்தாழ 30 லட்சம் பேர் நோயுற்றனர், 1 லட்சம் பேர் இறந்தனர் என மதிப்பிடப்படுகிறது. இது தொற்றுநோய் என்ற கருத்தே தொடக்கத்தில் வலுப்பெற்றிருந்தது.

1914இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை இப்பொறுப்பை ஜோசப் கோல்ட்பெர்கரிடம் ஒப்படைத்தது. மனநலக் காப்பகங்களில் நோயாளரோடு நாள்தோறும் பழகிய செவிலியரும் பணியாளரும் நோயுறவில்லை என்பதை அவர் கண்டார். தொற்றுநோயாயின் இது நிகழாது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகர அநாதை இல்லங்களில் 6 முதல் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளே பெரிதும் பாதிக்கப்பட்டிருந்தனர். அவர்களினும் சிறியவர்களுக்குப் பால் கிடைத்தது. உழைக்கும் வயதுடைய மூத்தவர்களுக்கு இறைச்சி கிடைத்தது. இடைப்பட்டோர்க்கு இரண்டும் இல்லை. பால், முட்டை, இறைச்சி, பயறு ஆகியவற்றை உணவில் சேர்த்ததும் அவ்வில்லங்களில் நோய் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. ஜார்ஜியா மாநில மனநலக் காப்பகத்தில் தெரிந்தெடுத்த பிரிவுகளிலும் இதே முடிவு கிடைத்தது. நோயைத் தடுத்த பட்டியலில் விலங்குப் புரதத்தோடு பயறும் இடம்பெற்றிருந்தமை கருதத்தக்கது. புரதம் விலங்கினின்று வந்ததா தாவரத்தினின்று வந்ததா என்னும் பாகுபாட்டைவிட, தானியத்தில் உள்ள குறையை அது ஈடுசெய்ததா என்பதே முதன்மையாயிற்று.

1915இல் மிசிசிப்பியின் ராங்கின் சிறைப் பண்ணையில் கோல்ட்பெர்கர் எதிர்த்திசையில் ஒரு சோதனை நடத்தினார். விடுதலை வாக்குறுதியின் பேரில் முன்வந்த கைதிகளுக்கு மக்காச்சோளம், வெள்ளை மாவு, அரிசி, சர்க்கரைவள்ளி, பாகு முதலியன கொண்ட உணவு அளிக்கப்பட்டது. இறுதிவரை இருந்த 11 பேருள் 6 பேர் சில மாதங்களில் பெல்லாக்ரா அடையாளங்களைக் காட்டினர். சிறையிலிருப்போரின் இசைவு எவ்வளவு சுதந்திரமானது என்ற அறவியல் வினா இச்சோதனையை இன்றும் தொடர்கிறது. தொற்றுக் கொள்கையை மறுக்க 1916இல் அவரும் அவர் மனைவியும் உடன் பணியாற்றியோரும் நோயாளரின் குருதியையும் கழிவுகளையும் தம் உடலில் செலுத்திக்கொண்டனர், எவரும் நோயுறவில்லை.

வருவாயும் புரதமும்

கோல்ட்பெர்கரின் பணியில் வரலாற்றாய்வாளர் மிகுந்த கவனம் செலுத்தவேண்டிய பகுதி, 1916இல் தென் கரோலினாவின் 7 பருத்தி ஆலைக் கிராமங்களில் தொடங்கிய கணக்கெடுப்பாகும். பொருளியலாளர் எட்கர் சைடன்ஸ்டிரிக்கர் அதில் இணைந்து பணியாற்றினார். ஒவ்வொரு குடும்பத்தின் வருவாய், கடையில் வாங்கிய உணவு, கறவை மாடு உண்டா இல்லையா, யாருக்கு நோய் கண்டது ஆகியவை பதிவு செய்யப்பட்டன. வருவாய் குறையக் குறைய நோய் மிகுந்தது. வருவாய் ஒத்திருந்தும் நோயளவில் வேறுபட்ட கிராமங்களைக் கண்டபோது, புதிய இறைச்சியும் பாலும் அவ்வூர்ச் சந்தையில் கிடைத்தனவா என்பது காரணமாகத் தெரிந்தது.

பருத்தி ஒன்றையே பயிரிட்ட நிலத்தில் காய்கறித் தோட்டத்துக்கும் மாட்டுக்கும் இடமில்லை. குத்தகை உழவர் கடனுக்கு வாங்கிய மக்காச்சோள மாவு, பன்றிக் கொழுப்பு, பாகு ஆகியவையே அவர்களின் அன்றாட உணவாயின. சோம்பல் தென்மாநில ஏழைகளின் இயல்பு என்று பேசப்பட்ட காலம் அது. அவ்வாறு இகழப்பட்ட ஊக்கமின்மையில் ஒரு பங்கு, உணவுக் குறையால் நேர்ந்த நோயின் அறிகுறியாக இருந்திருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு. பொருளியல் நிலையொன்று மனநிலையாக வெளிப்பட்டு, பின்னர் குணக்குறையாகத் தூற்றப்பட்டது.

அமினோ அமிலத்திலிருந்து வைட்டமினுக்கு

புரதங்கள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல என்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வுகள் முன்னரே காட்டியிருந்தன. பிரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்சும் கோலும் 1901இல் டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தறிந்தனர். மக்காச்சோளத்தின் முதன்மைப் புரதமான சீயினில் டிரிப்டோஃபான் இல்லை. சீயினை மட்டும் புரதமாக உண்ட எலிகள் விரைவில் மடிந்தன. டிரிப்டோஃபானைச் சேர்த்தபோது அவற்றின் வாழ்நாள் நீண்டது. இவ்வடிப்படையில் கோல்ட்பெர்கரும் வில்லியம் டானரும் 1922இல் பெல்லாக்ராவுக்கு அமினோ அமிலக் குறைபாடே முதற்காரணமாகலாம் என்று எழுதினர்.

இத்தடம் தொடரவில்லை. விலை குறைந்த ஈஸ்ட் நோயைத் தடுப்பது தெரிந்ததும் அவர் கவனம் அதிலுள்ள தடுப்புக் காரணியின் பக்கம் திரும்பியது. 1927ஆம் ஆண்டு மிசிசிப்பி வெள்ளத்தின்போது செஞ்சிலுவைச் சங்கம் ஈஸ்டை வழங்கிற்று. கோல்ட்பெர்கர் 1929இல் மறைந்தார். 1937இல் கான்ராட் எல்வேஜெம், நாய்களிடம் காணும் கருநாக்கு நோயை நிக்கோட்டினிக் அமிலம் தீர்ப்பதைக் கண்டறிந்தார். இதுவே நியாசின் எனப்படும் வைட்டமின். டாம் ஸ்பைஸ் முதலியோர் அதனை மனிதர்க்கு அளித்தபோது, மனக் குழப்பத்தில் இருந்தோர் மிகக் குறுகிய காலத்தில் தெளிவடைந்தனர்.

வைட்டமினின் வெற்றி புரதம் பற்றிய வினாவை மறக்கச் செய்தது. பாலில் நியாசின் மிகக் குறைவு. எனினும் பால் நோயைத் தடுத்தது. இம்முரணை 1945இல் கிரெல், டெப்ளி, பி. எஸ். சர்மா, எல்வேஜெம் ஆகியோரின் ஆய்வு விளங்கவைத்தது. மக்காச்சோள உணவின் தீங்கை நியாசினைப் போலவே டிரிப்டோஃபானும் நீக்கியது. உடல் டிரிப்டோஃபானிலிருந்து நியாசினை ஆக்கிக்கொள்கிறது என்பதும், சராசரியாக 60 மி.கி. டிரிப்டோஃபான் 1 மி.கி. நியாசினுக்கு ஈடாகிறது என்பதும் பின்னர் நிறுவப்பட்டன. கோல்ட்பெர்கரின் இரு கருதுகோள்களும் ஒரே வேதிவழியின் இரு முனைகளாக அமைந்தன.

மனநிலை ஆய்வுக்குத் திரும்பிய டிரிப்டோஃபான்

டிரிப்டோஃபானிலிருந்தே செரட்டோனினும் உருவாகிறது. 1950களில் காசநோய்க்கு அளித்த இப்ரோனியாசிட் நோயாளரின் மனநிலையை உயர்த்தியதும், சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் மூளையின் செரட்டோனினைக் குறைத்ததும் மனச்சோர்வு பற்றிய வேதியியல் விளக்கத்துக்கு வழிவகுத்தன. 1963இல் அலெக் காப்பெனும் உடனாய்வாளரும் மனச்சோர்வு மருந்தோடு டிரிப்டோஃபானைச் சேர்த்தளித்தபோது மருந்தின் பயன் மிகுந்ததாக அறிவித்தனர்.

இக்காலத்தில் தக்காணத்தில் வேறொரு சிக்கல் எழுந்தது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓரறையில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுப் பிரிவு, ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. அங்கு வந்த பெல்லாக்ரா நோயாளர் மக்காச்சோளம் உண்போர் அல்லர். சோளம் உண்ணும் ஏழை உழைப்பாளர். சோளம் மக்காச்சோளத்தைப் போல டிரிப்டோஃபான் மிகக் குறைந்த தானியமன்று. அதன் புரதத்தில் லியூசின் என்னும் அமினோ அமிலம் மிகுந்திருப்பதே காரணம் என சி. கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960இல் முன்மொழிந்தனர். இக்கொள்கை பின்னர் விவாதத்துக்குள்ளாயிற்று. ஆயினும், புரதத்தின் அளவோடு அதன் அமினோ அமிலச் சமநிலையும் நோயைத் தீர்மானிக்கலாம் என்ற கருத்தை அது முன்வைத்தது. 1970இல் கமலா கிருஷ்ணசுவாமியும் ரமணமூர்த்தியும் மனநிலை மாற்றமுடைய பெல்லாக்ரா நோயாளரின் குருதித் தட்டுகளில் செரட்டோனின் குறைந்திருப்பதைப் பதிவுசெய்தனர். உழைப்பாளரின் தட்டிலிருந்த தானியமும் உளமருத்துவத்தின் வேதிப்பொருளும் ஒரே ஆய்வில் சந்தித்தன.

சான்றின் எல்லை

இவ்வரலாற்றை எளிய அறிவுரையாகச் சுருக்க இயலாது. 1970களின் தொடக்கத்தில் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் வர்ட்மனும் எலிகளில் நடத்திய ஆய்வுகள் எதிர்பாராத முடிவைத் தந்தன. டிரிப்டோஃபான் மூளைக்குள் புக லியூசின் முதலிய அமினோ அமிலங்களோடு போட்டியிடுகிறது. ஆகவே புரதம் மிகுந்த ஒரு வேளை உணவு மூளையின் டிரிப்டோஃபானைக் கூட்டுவதில்லை. மாவுச்சத்து உணவே கூட்டுகிறது. 1990இல் டெல்கடோவும் பிறரும், மருந்தால் மனச்சோர்விலிருந்து மீண்டவர்களுக்கு டிரிப்டோஃபான் நீக்கிய அமினோ அமிலக் கலவையை அளித்தபோது பலரிடம் சோர்வு தற்காலிகமாகத் திரும்பியது. மனச்சோர்வு வரலாறு இல்லாத நலமுடையோரிடம் இத்தகைய சோதனைகள் பொதுவாகப் பெரிய மாற்றத்தைத் தோற்றுவிக்கவில்லை. ஒரே குறை எல்லா மனங்களிலும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பது இதனால் பெறப்படுகிறது.

முடிவுரை

பெல்லாக்ராவின் வரலாறு மூன்று முடிவுகளுக்கு இட்டுச்செல்கிறது. முதலாவதாக, புரத மூலம் மிகக் குறுகிய நிலையில், மனநிலை பாதிக்கப்படுகிறது. பாலும் பயறும் முட்டையும் இறைச்சியும் அதனைச் சீராக்கின. இரண்டாவதாக, அப்பாதிப்பு கடுங்குறைபாட்டில் நேர்வது. நிறைவாக உண்போர் மேலும் புரதம் உண்டால் சோர்வு நீங்கும் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகாது. மூன்றாவதாக, புரத மூலத்தையும் மனச்சோர்வையும் ஒப்பிட்டு நோக்கும் எந்த ஆய்வும் வருவாயைக் கணக்கில் கொள்ள வேண்டும். வறுமை தட்டில் உள்ளதையும் குறைக்கும். தனியே மனத்தையும் வருத்தும். சோர்வுற்றவர் உண்பதைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. எது காரணம், எது விளைவு என்பதை உணவுப் பட்டியல் மட்டும் கூறாது. ஆலைக் கிராமங்களில் உணவோடு கூலியையும் கறவை மாட்டையும் சந்தையையும் சேர்த்தெண்ணிய முறை, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் இத்துறை ஆய்வாளர்க்கு உரிய அளவுகோலாக நிற்கிறது.